நாக்கடியில் ஒரு பட்டன்

"எந்திரிக்காம எவ்வளவு நேரம் உக்காருவே?"

வேலை கேட்டுப் போன அன்று அக்கா தங்கை இரண்டு பேரில் பெரியவளைச் சூப்பர்வைசர் கேட்ட ஒரே கேள்வி இதுதான். காலர் வைக்கத் தெரியுமா, இதற்கு முன் எந்தக் கம்பெனியில் இருந்தாய் என்றெல்லாம் கேட்பார் என்று நினைத்து, பதில்களை பஸ்ஸிலேயே மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தாள். இந்தக் கேள்வி அதில் இல்லை. திருதிருவென்று விழித்துவிட்டு, "பெல் அடிக்கிற வரைக்கும் சார்" என்றாள். அவர் அப்போதுதான் தலையை நிமிர்த்தி அவள் முகத்தைப் பார்த்தார்.

"வர்றப்ப எல்லாரும் இப்படித்தாம்மா சொல்றீங்க" என்றார்.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அதுதான் வினையாகப் போயிற்று.

அது சட்டை தைக்கிற கம்பெனி. தகரக் கூரை போட்ட நீள ஹால். வெயில் ஏற ஏறக் கூரை மேலிருந்து காயும். பின்பக்கத்து இஸ்திரி மேசைகளிலிருந்து ஆவி கிளம்பி முதுகில் அறையும். மேலே சுற்றுகிற விசிறிகள் சூட்டை இங்கிருந்து அங்கே தள்ளும், அங்கிருந்து இங்கே தள்ளும், அவ்வளவுதான். மெஷின்கள் வரிசை வரிசையாக இருக்கும். ஒரு வரிசைக்கு லைன் என்று பேர். முதல் மெஷினில் துண்டுத் துணியாக ஏறுவது கடைசி மெஷினில் சட்டையாக இறங்கும். நடுவில் ஒவ்வொருத்திக்கும் ஒரே வேலை. ஒருத்தி தோள் மூட்டுவாள், அடுத்தவள் காலர் வைப்பாள், அதற்கடுத்தவள் கை ஏற்றுவாள். பெரியவள் காலர். ஊசியின் அடியில் துணியை வளைத்துவிடும்போது அவள் கட்டைவிரல் தானாக ஒரு பாதி வட்டம் போடும். வீட்டில் சோறு பிசையும்போதுகூட அந்த விரல் அப்படித்தான் வளையும்.

லைனில் ஒருத்தி எழுந்து போனால் அவள் மெஷினுக்கு முன்னால் துணிக்கட்டு குவியும். அவளுக்கு அடுத்தவள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் சட்டை குறைந்தால் திட்டு எல்லோருக்கும் பொதுவாக விழும். கக்கூஸ் போவதற்கென்று ஹால் கோடியில் ஓர் ஆணியில் கயிறு கட்டிய மரக்கட்டை தொங்கும். லைனுக்கு ஒரு கட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய், வந்ததும் திரும்ப ஆணியில் மாட்ட வேண்டும். "கட்டை இருக்கா?" என்று கேட்டால் என்ன அர்த்தம் என்று அங்கே எல்லோருக்கும் தெரியும்.

கட்டையை எடுக்காதே என்று யாரும் யாரையும் சொன்னதில்லை. சூப்பர்வைசர்கூடச் சொன்னதில்லை. ஆனால் ஒருத்தி ஆணியைப் பார்த்து நடந்தால் லைன் முழுக்கத் தலைகள் நிமிரும். "இப்பத்தானே போன? உள்ள என்ன, குழாயத் தொறந்து விட்டுட்டா வந்திருக்க?" என்று கை ஏற்றுகிறவள் கேட்பாள். சிரித்துக்கொண்டுதான் கேட்பாள். அந்தச் சிரிப்புக்குத்தான் எல்லோரும் பயந்தார்கள். அடிக்கடி கட்டையை எடுக்கிற ஒருத்திக்கு 'ஓட்டைக் குடம்' என்று பேர் வைத்தார்கள். அவள் கொஞ்ச காலம் சிரித்து மழுப்பிப் பார்த்தாள், பிறகு அழுதாள், பிறகு வேலையை விட்டே போய்விட்டாள். அவள் போன அன்று லைனில் பெரியவளும்தான் சிரித்தாள்.

பெரியவளுக்கு வைத்த பேர் 'ஒட்டகம்'. காலையில் உட்கார்ந்தால் சாப்பாட்டு பெல் வரை அசைய மாட்டாள்; சாப்பாட்டு நேரத்தில் கக்கூஸ் வரிசை நீண்டு கிடந்தால், போகட்டும் என்று மறுபடி வந்து உட்கார்ந்து சாயங்காலம் வரை தைப்பாள். தண்ணீர் குடித்தால்தானே போக வேண்டும்? குடிப்பதை நிறுத்தினாள். தொண்டை காய்ந்தபோது அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். பட்டன் வைக்கிற பெண்ணிடம் ஒரு சட்டைப் பட்டன் வாங்கிக் கழுவி நாக்கடியில் போட்டுக்கொண்டாள். பட்டன் கிடந்தால் எச்சில் ஊறியது. எச்சில் ஊறினால் தாகம் தெரியவில்லை. இந்த வித்தை லைனில் பரவி, பாதிப் பெண்கள் வாயில் பட்டனோடு தைத்தார்கள். "ஒட்டகம் கண்டுபிடிச்ச மருந்து" என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்கும்போது அவளுக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. பள்ளிக்கூடத்திலோ, பிறந்த வீட்டிலோ, கட்டிக்கொண்டு வந்த வீட்டிலோ அதற்கு முன் எதற்கும் அவள் பேர் வாங்கியதில்லை.

தங்கை வந்து சேர்ந்தது அதற்குப் பிறகுதான். கட்டினவனோடு ஒத்துவராமல் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவள். வந்த மறுநாளே, "சும்மா உக்காந்து மாமா சோத்தத் தின்னா எனக்கு இறங்காது, உன் கம்பெனியில சொல்லிவிடு" என்றாள். பெரியவள் சூப்பர்வைசரிடம் பேசி, தன் லைனிலேயே காலியாகியிருந்த கை ஏற்றுகிற மெஷினில் அவளுக்கு இடம் வாங்கிக் கொடுத்தாள். அக்கா காலர் வைத்துத் தள்ளுவாள். தங்கை கை ஏற்றி வாங்குவாள்.

சின்னவளுக்கு வாய் ஓயாது. மெஷின் இரைச்சலுக்கு மேலே பேசுவாள். சேர்ந்த அன்றே, "அக்கா, தாகம் உயிர் போகுது. தண்ணி எங்க?" என்று சத்தமாகக் கேட்டாள்.

"கத்தாதடி. இந்தா, இத நாக்கடியில வச்சுக்க."

"என்ன இது, பட்டனா? சட்டைக்குத் தைக்கிறதுன்னு நெனச்சேன், எனக்கே தைக்கப் போறியா?"

"உன் வாய்க்கு அதுவும் செய்யலாம். சும்மா வச்சுக்க. முழுங்கிடாத."

சாப்பாட்டு பெல்லுக்கு முன்பே ரகசியமாக ஒரு குரல்.

"அக்கா… போயிடுச்சு."

"எது?"

"பட்டன்."

"முழுங்கிட்டியா? அடிப்பாவி! அரை நாள் வாய மூடிட்டு இருக்க மாட்டியா?"

"சூப்பர்வைசர் என் பேர் என்னன்னு கேட்டாரு. பெரிய மனுஷன் கேக்குறாரு, பதில் சொல்ல வேணாமா?"

"விடு விடு" என்றாள் தோள் மூட்டுகிறவள். "நாளைக்குக் காலையில தானா டெலிவரி ஆயிடும். கழுவிட்டு எடுத்துட்டு வா, செக்கிங்ல கணக்குக் கேப்பாங்க."

லைனே குலுங்கிச் சிரித்தது. பெரியவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று சாயங்காலம் தங்கைக்கு இன்னொரு பட்டன் கொடுத்து, வீட்டில் கண்ணாடி முன் உட்காரவைத்து, நாக்கை எப்படி மடக்கிப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும் என்று பழக்கினாள். குழந்தைக்கு நடை பழக்குகிற மாதிரி அவ்வளவு பொறுமையாகப் பழக்கினாள்.

இடையில் ஒரு வருஷம் கம்பெனியில் ஆரோக்கிய வாரம் என்று கொண்டாடினார்கள். சட்டை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் கேட்டிருந்தார்களாம். விளையாட்டு ஷூ போட்ட ஓர் அம்மா மைக்கோடு வந்தார். மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரையும் நிற்கவைத்து, "கழுத்தை இப்படி, தோளை அப்படி" என்று ஆட்டச் சொன்னார். பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துச் சிரித்துக்கொண்டே ஆட்டினார்கள். பிறகு ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். வெள்ளைத் துணியில் தண்ணீர் சிந்தினால் கறை என்பதால் பாட்டிலை மெஷின் பக்கம் வைக்கக் கூடாது. வாசல் ஓரத்து அலமாரியில் வைக்க வேண்டும். கலர் கலரான பாட்டில்கள் அங்கே வரிசையாக நின்றன.

"எவ்வளவு நிம்மதியா நிக்குது பாருக்கா" என்றாள் சின்னவள். "ஆரோக்கிய வாரம் நமக்குன்னு நெனச்சேன். பாட்டிலுக்குப் போல."

அந்த அம்மா மைக்கில், "யார் யாரெல்லாம் தினமும் நல்லா தண்ணி குடிக்கிறீங்க? கை தூக்குங்க பார்ப்போம்!" என்றார். சூப்பர்வைசர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எல்லாக் கைகளும் மேலே போயின. முதலில் போனது பெரியவளின் கை. பட்டன் அப்போதும் அவள் நாக்கடியில் இருந்தது.

"இவங்கதான் மேடம் எங்க லைனோட தூண்" என்று சூப்பர்வைசர் அவளைக் காட்டினார். "ஒட்டகம்னு பேரு. எடத்த விட்டு அசைய மாட்டாங்க."

அந்த அம்மாவுக்கு என்ன புரிந்ததோ, "சூப்பர்!" என்று கைதட்டினார். ஹால் முழுக்கக் கைதட்டியது. பெரியவள் கூச்சத்தில் முந்தானையைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்கு முன்பே அவளுக்கு நீர்க்கடுப்பு வந்து வந்து போய்க்கொண்டுதான் இருந்தது. எரியும். எரிகிறதே என்று இன்னும் குறைவாகக் குடிப்பாள். தாங்க முடியாதபோது மருந்துக்கடையில் சொல்லி மாத்திரை வாங்குவாள். எரிச்சல் நின்றதும் மிச்சத்தை அடுத்த தடவைக்கென்று டப்பாவில் போட்டுவைப்பாள். சின்னவளுக்கும் அதே எரிச்சல் வந்தபோது அந்த டப்பாவிலிருந்துதான் எடுத்துக் கொடுத்தாள். முதுகு வலிக்கு கம்பெனி நர்ஸிடம் போனால் ஒரு சிவப்பு மாத்திரை கிடைக்கும். தலைவலிக்கும் அதே சிவப்பு. இடுப்புக்கும் அதே சிவப்பு. அக்காவும் தங்கையும் அதை மிட்டாய் மாதிரிப் பங்குபோட்டுத் தின்றார்கள்.

போகப் போக அவள் முகம் காலையில் உப்ப ஆரம்பித்தது. அவள் வீட்டுக்காரர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், அதிகம் பேசாதவர். அவரே ஒருநாள் டீ குடித்துக்கொண்டு, "என்ன, கன்னமெல்லாம் பூசினாப்ல இருக்கு? கம்பெனிச் சம்பளம் உடம்புல ஒட்டுதோ?" என்று சிரித்தார். அவளும் வெட்கப்பட்டுச் சிரித்தாள். அது அழகு என்று இரண்டு பேரும் நம்பினார்கள். பின்னால் ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த மனிதர் தலையில் தலையில் அடித்துக்கொண்டது இதற்காகத்தான். "வீக்கம்டி அது. வீக்கத்தப் பாத்து நான் கிண்டல் பண்ணியிருக்கேன்."

மெஷினிலேயேதான் விழுந்தாள். வைத்து முடித்த காலர்களின் மேல் வாந்தி எடுத்து, அதன் மேலேயே சாய்ந்தாள். துணி கெட்டுவிடுமே என்று தலையை நகர்த்தப் பார்த்தது மட்டும் அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா சின்ன வயசு. தூக்கமில்லாத கண்கள். ஸ்கேன் படத்தைப் பார்த்துவிட்டு, மெல்லமாகத்தான் சொன்னார்.

"ரெண்டு கிட்னியும் சுருங்கிப் போச்சும்மா. இது ஒரு நாள்ல வந்ததில்ல. தண்ணி குடிக்காம, வந்தத அடக்கி வச்சு, கிருமி மேல ஏறி ஏறி… போதாததுக்கு வலி மாத்திரை வேற. எவ்வளவு காலமா இப்படி?"

"எனக்கு ஒட்டகம்னு பேரு டாக்டர்" என்றாள் பெரியவள். அதைச் சொன்னால் எல்லாம் விளங்கிவிடும் என்று நினைத்தாள் போல.

டாக்டரம்மா படத்தை உறையில் போட்டார். "வராமலே தடுத்திருக்கலாம்" என்றார்.

அந்தச் சொல்தான் அவளைத் தின்றது. கடவுள் கொடுத்த நோய், தலைவிதி என்று சொல்லியிருந்தால் அழுது ஓய்ந்திருப்பாள். தடுத்திருக்கலாம் என்றால், அது எந்த நாள்? எந்த பெல்லுக்கும் எந்த பெல்லுக்கும் நடுவில்? கட்டை ஆணியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்த நேரங்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்தன. ஓட்டைக் குடம் இப்போது எங்கோ ஓரிடத்தில் நன்றாக இருப்பாள்.

சூப்பர்வைசர் பார்க்க வந்தார். கை நிறையப் பழம் வாங்கி வந்திருந்தார். இந்த நோய்க்கு அதையெல்லாம் அவள் தொடக் கூடாது என்று அவருக்குத் தெரியவில்லை. "உன்ன மாதிரி ஆளு இனிமே எனக்குக் கிடைக்காதும்மா" என்றார். நிஜமாகவே அவர் கண் கலங்கியிருந்தது. பிறகு சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டு, காலருக்குப் புது ஆள் வருகிற வரை அவளே இரண்டு மெஷினையும் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டுவிட்டுப் போனார்.

அதன் பிறகு வாரம் தவறாமல் ரத்தம் சுத்தம் செய்யப் போவதும் வருவதுமாக அவள் நாட்கள் போயின. போய்வந்த அன்று பிழிந்து போட்ட துணி மாதிரிக் கிடப்பாள். இடது கையில் ஊசி ஏற்றுவதற்காக நரம்பைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அந்தக் கையைத் தொட்டால் உள்ளே மெஷின் ஓடுகிற மாதிரி அதிரும். அதைத் தூக்கக் கூடாது, அழுத்தக் கூடாது. உப்பு இல்லாத சோறு. வேகவைத்துத் தண்ணீரை வடித்துக் கொட்டிய காய். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். தண்ணீரைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. குடித்த தண்ணீர் வெளியே போக வழி இல்லாததால் நெஞ்சுக்கு ஏறிவிடும் என்று டாக்டர் அளவு கட்டியிருந்தார். நாளுக்கு இரண்டு சின்ன டம்ளர். அதில்தான் மாத்திரையும் விழுங்க வேண்டும்.

அத்தனை வருஷம் தண்ணீரை வேண்டாம் என்றவளுக்கு இப்போது கண்ணை மூடினால் தண்ணீர். பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஏழாவது படிக்கிற மகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து சொம்பைத் தூக்கிக் குடிக்கும்போது, அந்தப் பிள்ளையின் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள் மகள் அதைக் கவனித்துவிட்டாள். அன்றிலிருந்து கொல்லைப் பக்கம் போய் நின்று குடித்தாள்.

அந்த நாட்களில் வீட்டில் கேட்ட சிரிப்பெல்லாம் சின்னவளுடையது. வேலை விட்டு வந்ததும் பையைக் கூடப் போடாமல் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து லைன் கதையெல்லாம் கொட்டுவாள். யாருக்கு யாரோடு சண்டை, எவள் தலைகீழாகக் கையை ஏற்றினாள், எவள் சூப்பர்வைசருக்குப் பேர் வைத்தாள் என்று.

"உனக்கு எதுக்குக் கவலை?" என்றாள் ஒரு நாள். "டாக்டரம்மாகிட்ட கேட்டுட்டேன். கூடப் பொறந்தவங்க குடுக்கலாமாம். எங்கிட்ட ரெண்டு இருக்கு. ஒண்ணு உனக்கு."

"வாய மூடுடி. உளறாத."

"ஏன்? மாமாவுக்குச் சர்க்கரை, குடுக்க முடியாது. வேற யாரு இருக்கா? ஒரே வயித்துல பொறந்தோம். நீ இருந்துட்டுக் காலி பண்ணின எடத்துலதானே நான் குடியிருந்தேன். அந்த வாடகைன்னு வச்சுக்க."

"உனக்கு ஒரு வாழ்க்கை வேணாமா?"

"ஒண்ணு போதுமாம்க்கா. நல்லா இருக்கலாமாம். ஒரே ஒரு சிக்கல்தான். என் கிட்னி உள்ள வந்தா நீயும் வாயாடி ஆயிடுவ. மாமா பாவம், ரெண்டு ரேடியோவ எப்படித் தாங்குவாரு?"

மாமா வாசலில் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தவர், "நான் வேனுக்குள்ளயே படுத்துக்கிறேன்" என்றார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

பெரியவள் வேண்டாம் வேண்டாம் என்றுதான் சொன்னாள். பிறகு வேண்டாம் என்பதைக் கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். பிறகு சொல்வதை நிறுத்திவிட்டாள். உள்ளுக்குள் ஆசை வேர் விட்டுவிட்டது. சொம்பு நிறையத் தண்ணீரை அண்ணாந்து, தொண்டையிலிருந்து நெஞ்சு வழியாக அது இறங்குவது தெரிய, மூச்சு முட்டக் குடிப்பது. மகள் வளர்ந்து ஆளாகி ஒரு நல்லது கெட்டது நடக்கும்போது கூட நிற்பது. இரண்டையும் சேர்த்தே நினைத்தாள். தங்கையின் இடுப்புப் பக்கம் தன் பார்வை போவதை உணர்ந்து, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வெட்கமாக இருக்கும்.

பரிசோதனைக்கு சின்னவள் லீவு போட்டுவிட்டுப் போய்வந்தாள். ரத்தம் எடுத்தார்கள், சிறுநீர் வாங்கினார்கள், வயிற்றில் பசை தடவிப் படம் பிடித்தார்கள். "கல்யாணத்துக்கு முன்னாடி பொண்ணு பாக்க வந்தவங்ககூட என்ன இப்படிப் பாக்கல" என்று வந்து சொன்னாள்.

முடிவு சொல்ல மூன்று பேரையும் கூப்பிட்டார்கள். டாக்டரம்மா காகிதங்களைப் புரட்டினார். பெரியவளைப் பார்க்கவில்லை. சின்னவளைத்தான் பார்த்தார்.

"நீங்க எங்க வேலை பாக்குறீங்க?"

"அக்கா கம்பெனியிலதான் டாக்டர். அடுத்த மெஷின்."

"நீர்க்கடுப்பு வருமா?"

"வரும், போகும். அது எங்க லைன்ல எல்லாருக்கும்…"

"வலி மாத்திரை?"

சின்னவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களால குடுக்க முடியாதும்மா" என்றார் டாக்டரம்மா. "உங்க கிட்னியே பாதிக்கு மேல கெட்டிருக்கு. இத்தனை நாள் வெளிய தெரியல, அவ்வளவுதான்."

பெரியவளின் வீட்டுக்காரர்தான் முதலில் பேசினார். அவர் குரல் இவ்வளவு பணிவாக இருந்து அவள் கேட்டதில்லை.

"டாக்டர், தப்பா நெனச்சுக்காதீங்க. ரெண்டு பேருக்கும் ஒரே வீட்டு அட்ரஸ். அக்கா ரிப்போர்ட்ட எடுத்து வச்சுட்டாங்களோ என்னவோ. கொஞ்சம் பேரைப் பாத்துச் சொல்லுங்க."

டாக்டரம்மா காகிதத்தை அவர் பக்கம் திருப்பி, பேர் இருந்த இடத்தில் விரலை வைத்தார். அவர் குனிந்து எழுத்துக் கூட்டிப் படித்தார். படித்து முடித்த பிறகும் நிமிரவில்லை.

"இப்பவே கவனிச்சா இருக்கிறதக் காப்பாத்திக்கலாம்" என்று சின்னவளிடம் சொன்னார் டாக்டரம்மா. "தண்ணி குடிக்கணும். வந்தா அடக்கவே கூடாது. அந்த மாத்திரையத் தொடாதீங்க. மாசா மாசம் எங்கிட்ட வாங்க. அக்காவுக்கு வந்தது உங்களுக்கும் வர விடக் கூடாது."

"எனக்கு?" என்று பெரியவள் கேட்கவில்லை. கேட்க வேண்டியது அதுதான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. டாக்டரம்மா, இறந்தவர்களிடமிருந்து எடுப்பதற்குப் பதிந்து வைக்கலாம், நிறையப் பேர் காத்திருக்கிறார்கள், பார்ப்போம் என்று சொன்னார். பெரியவள் தலையாட்டினாள். அவள் கண்முன் இருந்தது கண்ணாடி முன் உட்கார்ந்து நாக்கை மடக்கிப் பழகிய ஒரு முகம்.

பஸ்ஸில் சின்னவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தாள். வீட்டில் மகள் வாசலிலேயே காத்திருந்தாள். "சித்தி, எப்ப ஆபரேஷன்? எங்க டீச்சர்கிட்டகூடச் சொல்லிட்டேன்" என்று கையைப் பிடித்து ஆட்டினாள். சின்னவள் பிள்ளையின் தலையில் கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்காமலே நின்றாள். பிறகு உள்ளே போய் அரிசியைக் களைந்து உலை வைத்தாள். குழாயடியில் துணி துவைத்தாள். உலர்ந்ததை மடித்தாள். எல்லா வேலையும் செய்தாள், பேசவில்லை. அந்த வீட்டில் கடிகாரம் இவ்வளவு சத்தமாக ஓடும் என்று பெரியவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் சின்னவள் கம்பெனிக்குப் புறப்படுகிற சேலையைக் கட்டிக்கொண்டு நின்றாள். போகாதே என்று சொல்லப் பெரியவளுக்கு வாய் வரவில்லை. அவள் போகாவிட்டால் அடுப்பு என்ன ஆகும், ஆஸ்பத்திரி என்ன ஆகும் என்று இருவருக்குமே தெரியும். வேறு வேலை என்று தேடினாலும் அக்கம்பக்கத்தில் இருப்பதெல்லாம் இதே மாதிரி ஹால், இதே மாதிரி லைன்.

சின்னவள் சீப்பை எடுத்துக்கொண்டு வந்து அக்காவுக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கையைத் தூக்க முடியாதவளுக்குத் தலைவாரி விடுவது தினமும் உள்ளதுதான். சிக்கை எடுத்தாள். வகிடு பிரித்தாள். முடி கொத்துக் கொத்தாகச் சீப்பில் வந்தது; அக்கா பார்க்காமல் அதைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏதாவது சொல்லுடி" என்றாள் பெரியவள்.

சீப்பு ஓடியது.

"திட்டு. உன்னால தானேன்னு சொல்லு. நாந்தானே வாயில வச்சேன். நாந்தானே டப்பாலேர்ந்து எடுத்துக் குடுத்தேன். நல்லது செய்யறேன்னு நெனச்சேன்டி. உன்ன யாரும் ஒரு சொல் சொல்லிடக் கூடாதுன்னு நெனச்சேன். புருஷன் வீட்டுல கேட்ட பேச்சு போதாதா, இங்கயும் எவளாவது உன்னச் சிரிச்சிடுவாளோன்னு…"

முடியை மூன்றாகப் பிரிக்கிற விரல்கள் கழுத்தில் பட்டன. ஜில்லென்று இருந்தன.

"சரி, திட்டவும் வேணாம். இத மட்டும் கேளு. அங்க போனா எந்திரிச்சுப் போ. தாகம் எடுத்தா வாசலுக்குப் போய்க் குடி. வயிறு முட்டினா கட்டைய எடு. ஒரு தடவ இல்ல, பத்துத் தடவ எடு. மெஷின் நின்னா நிக்கட்டும். குவிஞ்சா குவியட்டும். எவ என்ன பேர் வச்சாலும் வாங்கிக்க. ஓட்டைக் குடம்னு சொன்னா, ஆமாடி, நான் ஓட்டைக் குடம்தான்னு சொல்லு. செய்வியா? எனக்காக இல்ல. அந்தப் பிள்ளைக்கு, நான் போனா, நீ… நீ ஒருத்திதானே…"

பின்னல் வளர்ந்துகொண்டிருந்தது. எப்போதையும்விட இறுக்கமாக, தலைத்தோல் வலிக்கிற அளவுக்கு இறுக்கமாகப் பின்னினாள் சின்னவள். கோபமா, விட்டுவிட மனமில்லாத பிடியா, பெரியவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. திரும்பி முகத்தைப் பார்க்கலாம். பார்க்கப் பயமாக இருந்தது.

"செய்வேன்னு ஒரு வார்த்தை சொல்லு" என்றாள். "ம்-னாவது சொல்லுடி."

தெருவில் கம்பெனி வண்டி ஹாரன் அடித்தது. பின்னல் நுனியில் ரப்பரைச் சுற்றி முடிந்தாள் சின்னவள். பின்னலை எடுத்து அக்காவின் வலது தோள் வழியாக முன்னால் போட்டாள். எழுந்தாள். பையை எடுத்தாள். வாசலில் குனிந்து செருப்பை மாட்டுகிறபோது அவள் முதுகு ஒரு தரம் குலுங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இப்போது திரும்புவாள் என்று பெரியவள் நினைத்தாள்.

ஹாரன் மறுபடி அடித்தது. சின்னவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிப் போனாள்.